அம்மம்மாவோடும் பிள்ளைகளோடும் நாவற்குழி அருங்காட்சியகத்துக்குப் போவதென்றால்

சித்திரை விடுமுறைக்கு வெள்ளவத்தையிலிருந்து வானில் யாழ்ப்பாணம் வருகிறீர்கள். நீங்கள் இருவர், எட்டு வயது மகள், பதின்மூன்று வயது மகன், எழுபது தாண்டிய உங்கள் அம்மா. ஏதோ ஒரு நாட்டில் பழைய காலத்து உடுப்போடு ஆட்கள் நூல் நூற்பதையும் இரும்பு அடிப்பதையும் பிள்ளைகள் வீடியோவில் பார்த்துவிட்டு, அப்படி ஓர் இடம் யாழ்ப்பாணத்தில் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். நாவற்குழி அருங்காட்சியகம் அந்தமாதிரியா, அதற்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

நேரடியாகச் சொல்கிறேன். பிள்ளைகள் பார்த்த வகை அருங்காட்சியகம் யாழ்ப்பாணத்தில் இல்லை. நாவற்குழிக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அங்கே பார்க்கிற பொருளை யாராவது இன்னும் கையாள்கிற இடத்தையும் அதே நாளில் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்தால் பிள்ளைகள் கேட்டது கிடைத்துவிடும்.

அவர்கள் பார்த்த வகைக்கு முன்னோடி சுவீடனில் இருக்கிறது. 1891 இல் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் ஸ்டொக்ஹோமில் ஸ்கான்சென் என்ற இடத்தைத் திறந்தார். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பப் பொருத்தி, அந்தக் காலத்து உடுப்போடு ஆட்களை வேலை செய்யவிட்டார். நமக்குக் கிட்டத்தில் அதற்கு நெருக்கமானது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 இல் திறந்த தக்ஷிணசித்ரா. செட்டிநாட்டு வீடு, கேரளத்து மரவீடு என்று கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், குயவரும் நெசவாளரும் முன்னாலிருந்து வேலை செய்து காட்டுகிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, எப்போதாவது அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுவே முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டுகிற நம்முடைய நாற்சார் வீடு ஒன்றை, தலைவாசலும் கூரை போட்ட சங்கடப்படலையும் கிணறும் தண்ணீர் இறைக்கும் துலாவுமாக, ஆட்கள் நடமாடுகிற மாதிரி எங்கேயாவது எழுப்பி வைக்க வேண்டும் என்பது என்னுடைய பெரிய ஆசை. வீடுகள் இடிந்துபோகின்றன, அவற்றில் வாழ்ந்து பழகிய ஆட்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நாவற்குழி. சிவபூமி அரும்பொருட் காட்சியகம் 2020 ஜனவரியில் திறக்கப்பட்டது. சமயச் சொற்பொழிவாளர் ஆறு. திருமுருகன் அவர்களின் சிவபூமி அறக்கட்டளையின் முயற்சி. வீட்டுப் பாவனைப் பொருட்கள், கமத்துக் கருவிகள், பழைய நாணயங்கள், படங்கள், தமிழ் அரசர்களின் சிலைகள் என்று நிறைய இருக்கின்றன. திருவாசகத்தைக் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிற திருவாசக அரண்மனையும் நாவற்குழியில்தான். உங்கள் அம்மா அங்கே கொஞ்சநேரம் இருக்க விரும்புவார், அதற்கும் நேரம் வையுங்கள்.

கொழும்பிலிருந்து வரும்போது ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்குள் நுழையுமுன் நாவற்குழி வந்துவிடும். போகிற வழிதானே, இறங்கிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று தோன்றும். வேண்டாம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர், எட்டு ஒன்பது மணித்தியாலம் வானுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் இன்னொரு தண்டனை. வயதான அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும். முதல்நாள் நேரே தங்குமிடத்துக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுங்கள். வழியில் இறங்கியே ஆகவேண்டுமென்றால் கொடிகாமம் சந்தையில் இறங்குங்கள், கால் நீட்டியதாகவும் இருக்கும், மாம்பழம் வாங்கியதாகவும் இருக்கும். அடுத்தநாள் காலை வெயில் ஏறுமுன் பட்டணத்திலிருந்து வெளிக்கிட்டால் நாவற்குழிக்குக் கால்மணி, இருபது நிமிடம்தான். முதல்நாளே தொலைபேசியில் கேட்டு எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று உறுதிப்படுத்துங்கள், புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் எல்லா இடத்திலும் நேரம் மாறும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையாக நடந்தால் அரைமணியில் களைத்துவிடுவார்கள். அம்மாவை முன்னுக்கு விடுங்கள். அவர் எந்தப் பொருளுக்கு முன்னால் தானாக நிற்கிறாரோ அங்கே எல்லோரும் நில்லுங்கள். அது உரலாக இருக்கலாம், திரிகையாக இருக்கலாம், அரிக்கன் லாம்பாக இருக்கலாம். “இது என்ன அம்மம்மா?” என்று பிள்ளைகள் கேட்டால் “இது திரிகை” என்பதோடு பதில் முடிந்துவிடும். “இதை யார் வீட்டில் வைத்திருந்தார்கள், நீங்கள் சுற்றியிருக்கிறீர்களா, கை நோகாதா?” என்று கேட்கச் சொல்லிப் பழக்குங்கள். உளுந்து உடைத்த கதை, யாரோ ஒரு சின்னம்மா திரிகையைச் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொன்ன கதை, அதெல்லாம் அப்போதுதான் வரும். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று அங்கே நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பித்தளை மூக்குப்பேணி ஒன்றைக் கண்டால் மகனைக் கூப்பிட்டுக் கொஞ்சநேரம் நில்லுங்கள். பக்கத்தில் சின்ன மூக்கு வைத்த பேணி, வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு. பார்க்க நல்ல வடிவு, இப்போது வீடுகளில் அலுமாரிக்குள் அலங்காரமாக வைக்கிறார்கள். அந்தப் பேணி எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை என்பதையும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியார் வந்தால் சிரட்டையிலோ போத்தலிலோ ஊற்றிக் கொடுத்த ஊர் இது. கிணற்றில் அள்ள விடவில்லை, கோயிலுக்குள் விடவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைக்குள் போய் இருப்பதற்கே போராட வேண்டியிருந்தது, 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லிச் சனம் மறியல் இருந்தது. அருங்காட்சியகம் என்றால் பொதுவாக வைத்திருந்தவர்களின் பொருளைத்தான் காட்டும், சிரட்டையை யாரும் சேர்த்து வைப்பதில்லை. மினுங்குகிற பித்தளையை மட்டும் காட்டி “அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்” என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பாதி வரலாறுதான் போய்ச் சேரும். அம்மா இதைப் பேச விரும்பாமல் இருக்கலாம், அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள்.

கமத்துக் கருவிகளைப் பார்க்கும்போது துலாவைப் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள், யாழ்ப்பாணத்து வாழ்க்கையே அதில்தான் நின்றது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கியாறுகூட மாரிக்குத்தான். மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும், அதைக் கிணறு வெட்டி எடுத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தார்கள். தூண் மாதிரி இரண்டு ஆடுகால் நட்டு, அதன் நடுவே ஒரு நீளமான மரத்தைத் துலாவாகப் பொருத்தியிருப்பார்கள். ஒரு நுனியிலிருந்து கிணற்றுக்குள் தண்ணீர் அள்ளும் பட்டை தொங்கும். ஓர் ஆள் துலாவுக்கு மேலே ஏறி நிற்பார். கிணற்றுப் பக்கமாக நடந்தால் அவருடைய பாரத்தில் பட்டை கீழே போய்த் தண்ணீரில் முங்கும், மற்றப் பக்கம் நடந்தால் நிரம்பிய பட்டை மேலே வரும். கிணற்றடியில் நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் சரிப்பார். தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். விடியப் புறத்தில் தொடங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் மேலே நிற்பவர் நடந்துகொண்டே இருக்கவேண்டும், கைப்பிடி இல்லாமல், ஈரம்பட்டு வழுக்குகிற மரத்தில். மகனுக்கு அந்த மரத்தின் அகலத்தைக் கையால் காட்டுங்கள்.

ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்காக வைத்திருந்ததால் யாருக்கு எந்த நாள் எந்த நேரம் என்று முறை இருந்தது. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கை எழுதினார்கள், அதற்காக வழக்காடி வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்த சகோதரர்கள் உண்டு. பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, பிறகு மின்சார மோட்டார். துலா போய்விட்டது. தண்ணீர் மாறுவது மட்டும் போகவில்லை.

அதனால் காலையிலேயே தோட்டத்தையும் பார்ப்பதென்றால், நாவற்குழியால் வெளிக்கிட்டதும் நேரே பட்டணத்துக்குத் திரும்பாதீர்கள். கைதடிக்குப் போய் அங்கிருந்து கோப்பாய் வீதியைப் பிடியுங்கள், கடல்நீரேரியைக் கடந்து கோப்பாய்க்கு வந்து சேரும். கோப்பாய், உரும்பிராய், கோண்டாவில் எல்லாம் செம்மண் தோட்டங்கள். சித்திரை என்றால் கோடை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தே ஆகவேண்டும், காலையிலோ பின்னேரத்திலோ யாராவது மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருப்பார்கள். வானை ஓரமாக விட்டுவிட்டு, வரம்பில் கால் வைக்குமுன் “ஐயா, பிள்ளைகள் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு கேள்விக்கு மறுப்பு வராது, “எந்த ஊர், யாருடைய பிள்ளைகள்?” என்று பதில் கேள்விதான் வரும், உங்கள் அம்மா ஊர்ப்பெயரைச் சொன்னால் அரைமணி அங்கேயே போய்விடும். மகனிடம் மண்வெட்டியைக் கொடுத்து ஒரு வரம்பை வெட்டிவிடச் சொல்வார்கள். பழைய கிணறுகள் சிலவற்றின் பக்கத்தில் துலா நின்ற கல்லுத்தூண்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றையும் கேட்டுப் பாருங்கள். நாவற்குழியில் கேட்ட துலாக் கதைக்குக் கால் முளைப்பது இந்த இடத்தில்தான். கிணற்றுக்கட்டு உயரமில்லாத இடங்களும் உண்டு, மகளின் கையை விடவேண்டாம்.

இன்னொன்று பனையோலை. காட்சியகத்தில் கடகம், பெட்டி, சுளகு, உமல் என்று எதைக் கண்டாலும் மகளிடம் சொல்லுங்கள், இதையெல்லாம் பின்னேரம் கடையில் வாங்கப்போகிறோம் என்று. யாழ்ப்பாணம் பெரிய சந்தைப் பக்கமோ திருநெல்வேலிச் சந்தையிலோ இவை விற்கிறார்கள். ஓலையைச் சத்தகம் என்ற சின்னக் கத்தியால் வார்ந்து பின்னுவதை விற்கிற அம்மாவே பொழுது இருந்தால் காட்டுவார், மகளின் விரலைப் பிடித்து நாலு இழை பின்னவைப்பார். சனம் நெருக்கும் காலை நேரத்தில் போய்க் கேட்டு அவரை மினக்கெடுத்தாதீர்கள். ஒரு நீத்துப்பெட்டி வாங்குங்கள். கூம்பு மாதிரி இருக்கும், அதற்குள்தான் பிட்டு அவிப்பது. கொழும்பு வீட்டில் ஸ்டீல் ஸ்டீமரில் அவிக்கிற பிட்டுக்கும் இதில் அவிக்கிற பிட்டுக்கும் வாசத்திலேயே வித்தியாசம் தெரியும், ஓலை தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் பிட்டு களிபடாமல் உதிர்ந்து வரும்.

தங்குமிடத்தில் சமைப்பவரிடம் முதல்நாளே ஒடியற்கூழ் கேட்டுவையுங்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி, இவ்வளவும் ஒரு பானைக்குள். சின்னப் பிள்ளைக்கு உறைப்பாக இருக்கும், மகளுக்கு முதலிலேயே கொஞ்சம் உறைப்புக் குறைத்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பலாவிலையைக் கோலிக் குடிக்கக் கொடுங்கள், கோப்பையில் ஊற்றினால் பிள்ளைகளுக்கு அது இன்னொரு சூப். சித்திரையில் வருவதால் கருப்பநீரும் கிடைக்கலாம். பனம்பாளையில், முட்டிக்கு உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிக்காமல் இனிப்பாக இறங்குவது கருப்பநீர், சுண்ணாம்பு இல்லாமல் இறங்குவது கள். ஒரே மரம், ஒரே பாளை. மகன் இரசாயனம் படிக்கிற வயது, காரணத்தை அவனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் பாரமான விசயம். பட்டணத்திலிருந்து நாவற்குழிக்குப் போகும்போது செம்மணியைத் தாண்டி ஒரு பாலத்தைக் கடப்பீர்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, பட்டணம் உள்ள வலிகாமத்துச் சனம் கிழக்கே தென்மராட்சிப் பக்கமாக நடந்தது அந்தப் பாலத்தாலேதான். இலட்சக்கணக்கில் சனம், மழை, இருட்டு, சைக்கிளில் கட்டிய மூட்டை, கதிரையில் தூக்கிய கிழவர்கள், அடி எடுத்து வைக்க இடமில்லாத வீதி. உங்கள் அம்மா எப்போது கொழும்புக்கு வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் அந்த இரவு நடந்தவராக இருந்தால், பாலத்துக்கு வந்த பிறகு பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். வெளிக்கிடுமுன் தனியாகக் கேளுங்கள், அதைப் பற்றிச் சொல்ல விருப்பமா என்று. விருப்பமென்றால் அன்று காலை வானில் அவர் முன்சீட்டில் இருக்கட்டும், பாலத்தடியில் மெதுவாகப் போங்கள். விருப்பமில்லையென்றால் பாட்டுப் போட்டுக்கொண்டு கடந்துவிடுங்கள்.

போர்க்காலப் பொருட்களைப் பற்றிப் பேசுவது அதைவிட இலேசு, பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். 1990 இலிருந்து அரசின் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் ஏ.எல் படித்துக் கம்பஸ் போனவர்கள் உங்கள் வயதில்தான் இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். ஒரு சொட்டுப் பெற்றோலில் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள், பின்னால் வருகிறவர்களுக்குப் புகையில் கண் தெரியாது. சவர்க்காரம் இல்லாத நேரம் பனங்காயால் உடுப்புத் தோய்த்தார்கள். இந்தப் பொருட்கள் எல்லாம் ஓர் இடத்தில் ஒழுங்காகச் சேர்க்கப்பட வேண்டியவை. உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பத்தியில் அப்படி ஒரு விளக்கு கிடந்தால் எறிய விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் எஞ்சிய நாட்களுக்கு என்னுடைய தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டையைப் பின்னேரம் பாருங்கள், போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டியது, பிள்ளைகள் ஓடித்திரிய இடம் உண்டு, நிழல் இல்லை. நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் அருங்காட்சியகம் சின்னது, மகனுக்கு ஆர்வமிருந்தால் போதும். பருத்தித்துறைக்கு ஒரு அரைநாள் வையுங்கள், அங்கே தெருமூடி மடம் இருக்கிறது. வீதிக்குக் குறுக்கே கல்லால் கூரை போட்ட மடம், வாகனங்கள் இன்றைக்கும் அதற்குள்ளாலேதான் போகின்றன, இரண்டு பக்கத் திண்ணையிலும் ஆட்கள் வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள். உங்கள் வான் அதற்குள்ளே போகட்டும், பிறகு இறங்கித் திண்ணையில் கொஞ்சநேரம் இருங்கள், கல் குளிர்ச்சியாக இருக்கும். நெடுந்தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். பவளக்கல் மதில்களும் குதிரைகளும் அருமைதான், ஆனால் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் படகு, அதில் ஏறி இறங்குவது உங்கள் அம்மாவுக்குச் சரிவராது.

புதுவருடத்தன்றும் அடுத்தநாளும் சந்தையும் கடையும் பெரும்பாலும் பூட்டு, தோட்டத்திலும் ஆள் இருக்காது. அதனால் நாவற்குழி, கோப்பாய், சந்தை மூன்றையும் வருடப்பிறப்புக்கு முன்னால் ஒரு நாளில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் காட்சியகம், மத்தியானம் வெயிலுக்குள் அலையாமல் தங்குமிடத்தில் கூழும் ஒரு நித்திரையும், நாலு மணிக்குப் பிறகு தோட்டம், வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தை. தோட்டம் பின்னேரத்துக்குப் போவதென்றால் கைதடி வீதியை விட்டுவிட்டுப் பட்டணத்திலிருந்து பலாலி வீதியால் நேரே ஏறலாம். வானுக்குள் தண்ணீர்ப் போத்தல், தொப்பி, அம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று இருக்கட்டும். செம்மண் பட்ட வெள்ளை உடுப்பு பிறகு வெள்ளைக்கு வராது, பிள்ளைகளுக்கு அன்று பழைய உடுப்பே போட்டுவிடுங்கள்.